சுற்றுப் பலகையும் சொந்தச் சாவியும்

நாள்தோறும் கையாளும் பொருளைத் தேர்வது ஒரு கலை. ஆண்டுக்கு ஓரிரு தடவை மாத்திரம் கையாளும் பொருளைத் தேர்வது அதனிலும் அரிய கலை. அடுக்களையில் அன்றாடம் புழங்கும் அகப்பை சற்றுக் கோணலாயிருப்பினும் கை அதற்குப் பழகிக்கொள்ளும். பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெரிய கிடாரம் அப்படியன்று. வேண்டிய நாளிலே அது ஓட்டையின்றி இருக்கவேண்டும். இருக்கும் இடம் தெரிந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை எடுத்து ஆளுவதற்குப் பிறர் தயவு வேண்டாதிருக்கவேண்டும்.

இலத்திரனியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவர் பலர், "சுற்றுப் பலகை வரைவதற்கு எந்த மென்பொருள் சிறந்தது?" என்று வினவுகின்றனர். வினாவிலேயே ஒரு சொல் குறைகின்றது. எவருக்குச் சிறந்தது? தொழிற்சாலையில் நாள் முழுவதும் பலகை வரையும் பொறியியலாளருக்கா, விடுமுறைக்கு விடுமுறை ஒரு பலகை வரையும் மாணவருக்கா? முன்னவருக்கு ஏற்றது பின்னவருக்கு ஏற்கும் என்று கொள்ளுதல் தவறு. இவ்வாரம் பின்னவரை மனத்திற்கொண்டே எழுதுகின்றோம். மகனோ மகளோ இத்தகைய முயற்சியில் இறங்கியிருக்கும் இல்லங்களிலே பெற்றோரும் இதனைப் படித்தறிதல் நன்று. ஏனெனில் மென்பொருளின் விலை பெரும்பாலும் அவர்தம் பணப்பையிலிருந்தே போகின்றது.

பலகை வந்த வழி

பழைய வானொலிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோர், உள்ளே கம்பிகள் கொடிபோற் பின்னிக் கிடந்ததைக் கண்டிருப்பர். ஒவ்வொரு கம்பியையும் ஒருவர் கையால் வெட்டி, நுனியை உரித்து, ஈயம் உருக்கி ஒட்டவேண்டியிருந்தது. வியன்னா நகரிற் பிறந்த போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர், இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், 1936ஆம் ஆண்டளவில், கம்பிகளுக்குப் பதிலாக மின்கடத்தாத் தகட்டின்மீது படிந்த செப்புத் தடங்களைக் கொண்டு ஒரு வானொலியை ஆக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்கா இம்முறையை எறிகணைகளின் வெடிக்கருவிகளிலே பெருமளவிற் கையாண்டது. 1948ஆம் ஆண்டிலே அது பொது வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. போருக்கு உதவிய அப்பலகையே இன்று கைபேசி முதல் தையல் இயந்திரம் வரை குடிகொண்டிருக்கின்றது.

இப்பொழுது சாதாரணமாகக் கிடைக்கும் பலகையின் தடிப்பு 1.6 மில்லிமீற்றர். அதன்மீதுள்ள செம்பின் தடிப்போ 35 மைக்ரோமீற்றர் மாத்திரமே, தலைமயிரினும் மெல்லியது. இத்துணை மெல்லிய செம்பிலே எந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதைத் தீர்மானித்து வரைந்து கொடுப்பதுதான் நாம் பேசவந்த மென்பொருளின் வேலை.

அவ்வேலையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, சுற்றின் வரிப்படம். எந்தத் தடையி எந்தத் திரான்சிற்றரோடு இணைகின்றது என்பதைக் குறியீடுகளாற் காட்டுவது இது. இரண்டாவது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய மெய்யான பொருளின் கால்கள் பலகையில் எங்கெங்கே இறங்கும் என்பதைக் காட்டும் படம். இதனைத் துறைசார்ந்தோர் ஃபூட்பிரின்ற் என்பர். நாம் காலடிப்படம் என்றே வழங்குவோம். 555 என்னும் பெயர்பெற்ற நேரங்காட்டிச் சில்லுக்கு எட்டுக் கால்கள். அடுத்தடுத்த கால்களுக்கிடையே 2.54 மில்லிமீற்றர். இந்த அளவு பிசகினால் சில்லுப் பலகையில் இறங்காது. மூன்றாவது படி, பொருள்களை இடம்பார்த்து அமர்த்தி, அவற்றிடையே செப்புத் தடங்களை ஓட்டுவது. இம்மூன்றும் முடிந்தபின், தடங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, ஏதேனும் இணைப்பு விடுபட்டதா என்று மென்பொருளே சோதித்துச் சொல்லும். இறுதியிலே, பலகை செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டிய கேர்பர் கோப்புகளை ஆக்கித் தரும். எந்த மென்பொருளில் வரைந்தாலும் தொழிற்சாலை கேட்பது பெரும்பாலும் இக்கேர்பர் கோப்புகளையே. ஆகவே, மென்பொருளின் பெயர் தொழிற்சாலைக்கு ஒரு பொருட்டன்று என்பதை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

மறதி என்னும் உண்மை

இடைக்கிடை வரைபவரின் முதற் பகை மறதி. சித்திரை விடுமுறையிலே ஒரு பலகை வரைகின்றார்; மார்கழி விடுமுறையிலே அடுத்த பலகையைத் தொடங்குகின்றார். இடையில் எட்டு மாதம். எந்த விசையை அழுத்தினால் தடம் ஓடும், எந்தப் பட்டியலிலே துளையின் அளவை மாற்றலாம் என்பனவெல்லாம் அதற்குள் மறந்துபோம். நாள்தோறும் வரைபவருக்கு விரல்களே நினைவு. அவருக்கு நூறு குறுக்குவழிகள் கொண்ட மென்பொருள் பெருஞ்செல்வம். மற்றவருக்கோ அந்நூறும் நூறு தடைகள். முப்பது செப்பு அடுக்குகளைக் கையாளும் ஆற்றலைப் பற்றி விளம்பரம் பேசும். கிணற்று மோட்டாருக்கு நீர்மட்டங் காட்டும் ஒரு சிறு சுற்றுக்கு இரண்டு அடுக்கே மிகுதி. கோழிக் குஞ்சைப் பிடிக்கக் குதிரை வேண்டுவதில்லை.

ஆதலின், இத்தகையோர் மென்பொருளின் ஆற்றலை அளப்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். எட்டு மாதங் கழித்துத் திறந்தால் எனது பழைய வரைபடம் திறக்குமா? நான் மறந்தவற்றை நினைவூட்டக்கூடிய நல்ல கையேடும், அதனை ஆளும் பலரும் உளரா? நான் ஆளாத மாதங்களுக்கும் பணம் கேட்குமா? இம்மூன்றனுள்ளும் முதல் வினாவே தலையாயது. அதற்குத் தக்க சான்று ஈகிள் என்னும் மென்பொருளின் வரலாறு.

ஈகிள் சொல்லும் பாடம்

ஜேர்மனியைச் சேர்ந்த காட்சொஃப்ற் என்னும் கம்பனி 1988ஆம் ஆண்டில் ஈகிளை வெளியிட்டது. 100 மில்லிமீற்றர் நீளமும் 80 மில்லிமீற்றர் அகலமும் இரண்டு செப்பு அடுக்கும் என்ற எல்லைக்குள் நின்று, வணிக நோக்கின்றி வரைவோர் அதனை இலவசமாக ஆளலாம் என்று அக்கம்பனி இடங்கொடுத்தது. பொழுதுபோக்காளர்க்கு அவ்வளவு இடமே தாராளம். எனவே உலகெங்கும் மாணவரும் ஆர்வலரும் ஈகிளிலே பழகினர். ஆடுயீனோ பலகைகளின் வரைபடங்கள் கூட ஈகிள் கோப்புகளாகவே ஊரறிய வெளியிடப்பட்டன. நூல்களும் பாடங்களும் அதனைச் சுற்றியே எழுந்தன. "பலகை வரைதல் என்றால் ஈகிள்" என்னும் அளவுக்கு அதன் பெயர் ஓங்கியது.

2009ஆம் ஆண்டில் அது பிரீமியர் ஃபார்னெல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2016ஆம் ஆண்டில் ஓட்டோடெஸ்க் நிறுவனம் அதனை வாங்கியது. 2017 தொடக்கத்தில், ஒருமுறை விலைகொடுத்து உடைமையாக்கிக்கொள்ளும் முறை கைவிடப்பட்டு, மாதத்துக்கு அல்லது ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா செலுத்தும் முறை வந்தது. 2023 யூன் மாதத்திலே, ஈகிளின் விற்பனையும் ஆதரவும் 2026 யூன் 7ஆம் திகதியோடு முடிவுறும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பலருடைய மேசையிலிருந்த ஒரு கருவிக்கு இவ்வாறு நாள் குறிக்கப்பட்டது.

எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் எமது நோக்கமன்று. தன் பொருளை நிறுத்துவது ஒரு நிறுவனத்தின் உரிமை. ஏறத்தாழ மூன்று ஆண்டு முன்னறிவித்தல் கொடுத்தார்கள். பழைய கோப்புகளைத் தமது ஃபியூஷன் மென்பொருளிலே திறப்பதற்கு வழியும் வைத்தார்கள். ஆயினும் மாணவர் சிந்திக்கவேண்டியது வேறொன்று. வரைபடம் அவருடையது, உழைப்பு அவருடையது, ஆனால் அதனைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை. பெட்டகத்தை நாம் வைத்துக்கொண்டு சாவியைப் பிறர் வீட்டில் வைத்தால், அவர் வீடு மாறும்போது நாமும் அவர் பின்னே ஓடவேண்டியதுதான். இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இவ்வரலாற்றிலே ஆறுதலான பகுதியும் உண்டு. ஈகிளின் ஆறாம் பதிப்பு முதலாக அதன் கோப்புகள் எவரும் படித்தறியத்தக்க வெளிப்படையான எழுத்து வடிவில் அமைந்தன. அதனாலேதான் பிறர் அவற்றைத் திறக்கும் வழியை ஆக்க முடிந்தது. கோப்பு மறைபொருளாக இருந்திருப்பின் அவ்வழி எளிதிற் பிறந்திராது. மென்பொருள் மறையினும் கோப்புப் பிழைத்தல் கூடும்; அதற்குக் கோப்பு வெளிப்படையாயிருத்தல் வேண்டும்.

சந்தாவும் டொலரும்

சந்தா முறையிலே இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் வரைபவர் பன்னிரண்டு மாதச் சந்தா கட்டினால், பத்து மாதப் பணம் சும்மா கிடக்கும் கருவிக்குப் போகின்றது. போதாக்குறைக்கு இச்சந்தாக்கள் டொலரிலே கேட்கப்படுவன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் கண்டோம். டொலர் விலை ஒரு சதமும் கூடாமலே நம் வீட்டுச் செலவு ஏறத்தாழ இருமடங்காகியது. பொழுதுபோக்கு ஒன்றுக்காகக் குடும்பத்தின் மாதச் செலவிலே இத்தகைய சுமையை நிரந்தரமாக ஏற்றுதல் தகாது.

"அப்படியாயின் பெரிய மென்பொருளைப் பூட்டுடைத்த பிரதியாக எடுத்துக்கொண்டால் என்ன?" என்று சில இளைஞர் எண்ணக்கூடும். அது களவு, அதனோடு கணினிக்குத் தீங்கு செய்யும் நச்சு நிரல்களும் கூடவே வருதல் உண்டு. நேர்மையான இலவச வழி கண்முன்னே இருக்கும்போது அவ்வழியை நாடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.

கீகாட்

அந்நேர்மையான வழிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது கீகாட். பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரிலே கல்லூரி ஆசிரியராயிருந்த ழான் பியேர் ஷராஸ் என்பவர் 1992ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 2013ஆம் ஆண்டு முதல் இதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. ஓர் ஆசிரியரின் முயற்சியாக முளைத்தது இன்று தொழில்துறையினரும் மதிக்கும் கருவியாக வளர்ந்துள்ளது. இதற்கு விலையில்லை, பலகையின் பரப்புக்கு எல்லை வகுத்துப் பணம் கேட்பதுமில்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் ஓடும். மூலநிரல் எவர்க்கும் திறந்தது. கோப்புகளும் வெளிப்படையான எழுத்து வடிவின. 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் ஈகிள் கோப்புகளையும் இது திறக்கின்றது. பழைய பெட்டகத்துக்குப் புதுச் சாவி ஆக்கிக் கொடுத்தது இதுவே.

குறைகளும் உண்டு. கற்கத் தொடங்கும்போது சற்று மலைப்பாக இருக்கும். தரவிறக்கம் ஒரு ஜிகாபைற்று அளவு பெரியது. இணையச் செலவு பார்ப்போர் அதனை ஒருமுறை இறக்கி நண்பரிடையே பகிர்ந்துகொள்ளலாம். அவ்வாறு பகிர்வதற்கு அதன் உரிமமே இடமளிக்கின்றது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறவாது. ஆகவே இருவர் சேர்ந்து ஒரு பலகையை வரைவதாயின் இருவரும் ஒரே பதிப்பை வைத்திருத்தல் வேண்டும்.

மற்றை இரண்டு

சீன தேசத்திலிருந்து வந்த ஈஸி-ஈ.டி.ஏ. இணைய உலாவியிலேயே ஓடுவது. நிறுவவேண்டிய தொல்லையில்லை, பழகுவதும் எளிது. பொருள் விற்கும் கடையோடும் பலகை செய்யும் தொழிற்சாலையோடும் அது இணைக்கப்பட்டிருப்பதால், வரைந்து முடித்தவுடன் அங்கேயே கட்டளையும் கொடுக்கலாம். முதல் பலகையை விரைவிற் கையிலே காண விரும்புவோருக்கு இது பெரிய வசதி. ஆனால் வரைபடம் பொதுவாகச் சேமிக்கப்படுவது பிறருடைய கணினியில். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நம் மாணவர்கள் மறந்திரார். இணையம் இல்லாதவிடத்து இணையக் கருவியும் இல்லை. இதனை ஆளுவோர் ஒவ்வொரு பலகை முடிந்ததும் தம் கோப்பைத் தம் கணினியில் இறக்கி வைத்தல் கட்டாயம். கீகாட்டின் எட்டாம் பதிப்பு முதல் இக்கோப்புகளையும் திறக்கலாம் என்பது நல்ல செய்தி.

ஜேர்மனியின் பொட்ஸ்டம் நகரத்து உயர்கல்வி நிலையம் ஒன்றிலே பிறந்த ஃபிரிட்ஸிங், சிறுவர்க்கு ஏற்றது. ஈயம் பற்றவைக்காமற் கம்பி செருகிப் பார்க்கும் பரிசோதனைப் பலகையை அப்படியே படமாகத் திரையிற் காட்டும். கண்ணாற் கண்டதை வரைபடமாக மாற்றி அறிவதற்கு அது நல்ல ஏணி. சிறு தொகை கேட்பார்கள். எனினும் சுற்றுச் சற்றுப் பெரிதானால் அது திணறும். ஏணியைக் கடந்தபின் வேறு கருவி தேடவேண்டும்.

தொழில் நிறுவனங்கள் ஆளும் விலையுயர்ந்த மென்பொருளைக் கற்காவிடின் பிற்காலத்தில் வேலைக்கு இடையூறாகுமே என்று பெற்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. வரிப்படம், காலடிப்படம், தடத்தின் அகலம், தடங்களுக்கிடையே இடைவெளி என்னும் அடிப்படைகள் எங்கும் ஒன்றே. ஒரு தையல் இயந்திரத்திலே தைக்கக் கற்றவர் மற்றொன்றின் முன் அமர்ந்தால் ஒரு வாரத்திலே பழகிவிடுவார்.

எதைத் தேர்ந்தாலும் செய்யவேண்டியவை

கருவி எதுவாயினும் சில ஒழுங்குகளைக் கைக்கொண்டால் மறதியின் தீமை பெரிதும் குறையும்.

பலகையைக் கட்டளையிடுமுன் அதனை உண்மை அளவிலே தாளில் அச்சிடுக. வாங்கிவைத்த பொருள்களை அத்தாளின்மீது வைத்துப் பார்க்க. சில்லின் கால்கள் புள்ளிகளோடு பொருந்துகின்றனவா? இணைப்பியின் உடல் அடுத்த பொருளோடு முட்டுகின்றதா? ஐந்து நிமிட வேலை இது. பலகை செய்யும் தொழிற்சாலைகள் பல ஐந்துக்குக் குறையாமற் செய்து அனுப்புவன. பிழையும் ஐந்தாகவே வரும். பலகையின் விலையிலும் அனுப்புங் கூலி மிகுவதும் உண்டு.

திரான்சிற்றர்களிலே தனிக் கவனம் வேண்டும். பிசி 547, 2என் 3904 என்னும் இரண்டும் ஒரே உருவின. கடையிலே ஒன்றில்லையெனில் மற்றதைத் தருவர். தட்டையான முகம் நம்மை நோக்க வைத்தால், முதலாவதன் கால்கள் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி. இரண்டாவதற்கோ காலி, அடி, சேகரிப்பான். தலைகீழ் வரிசை. மென்பொருளின் சோதனை இதனைக் கண்டுபிடிக்காது. வரைந்தது வரிப்படத்தோடு ஒத்திருந்தாற் சரியென்றே சொல்லும். பொருளின் தரவுத்தாளைத் திறந்து பார்ப்பது மனிதர் கடமை.

பலகை முடிந்ததும் மூல வரைபடம், கேர்பர் கோப்புகள், வரிப்படத்தின் அச்சுப் பிரதி, பொருட்பட்டியல் ஆகியவற்றை ஓர் உறையிலும் ஒரு கோப்புறையிலும் சேர்த்து வைக்க. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையும் எழுதி வைக்க. மூலம் திறவாமற் போனாலும் கேர்பர் கோப்பு இருந்தால் அதே பலகையை மறுபடி செய்விக்கலாம். அதனோடு, வரையும்போது கண்டுபிடித்த வழிகளை அப்பியாசக் கொப்பி ஒன்றிலே நாலு வரி எழுதிவைத்தால், எட்டு மாதங் கழித்து அக்கொப்பியே ஆசிரியராகும்.

தொடக்கத்தில் 230 வோல்ற்று வீட்டு மின்சாரம் ஓடும் தடங்களைப் பலகையில் வரையற்க. 5 அல்லது 12 வோல்ற்றோடு நிற்க. உயர் அழுத்தத்துக்கு வேண்டிய இடைவெளி விதிகளை அறியாமல் வரைந்த பலகை உயிருக்கே ஊறு செய்யும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரேயொரு தடவை, ஐந்தாறு பொருள்களால் ஆகும் சுற்றுக்கு மென்பொருளே வேண்டியதில்லை. துளைகள் நிரையாக அமைந்த வெரோபோட் ஒன்றை வாங்கிப் பொருள்களைச் செருகிப் பற்றாசு பிடித்தால் ஒரு மாலைப்பொழுதிலே முடிந்துவிடும். ஒரே சுற்று இரண்டாம் முறையும் வேண்டப்படும்போதும், பொருள்கள் பெருகிக் கம்பிகள் சிக்கலாகும்போதும் மென்பொருளை நாடுதல் போதும்.

எமது முடிவைச் சுருங்கச் சொல்வோம். ஆண்டுக்கு ஓரிரு பலகை வரைபவர் கீகாட்டை நிறுவிப் பழகுக. அது கடினமென்று தோன்றுவோர் ஈஸி-ஈ.டி.ஏ.யில் தொடங்கிக் கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்க. சிறுவர் ஃபிரிட்ஸிங்கில் விளையாடுக. இவற்றுள் எதுவும் என்றும் நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இன்று பதினாறு வயதில் மாணவி ஒருத்தி வரையும் நீர்மட்டங்காட்டியின் படம், அவள் பல்கலைக்கழகம் சென்று திரும்பும் நாளிலும் அவள் கையாலேயே திறக்கப்படவேண்டும். அதனைத் திருத்தித் தன் தம்பிக்குக் கற்பிக்க அவளால் முடியவேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் கருவி எதுவோ அதுவே நல்ல கருவி.